சுண்ணாம்புப் பாசியின் மூன்றாம் நிறம்

மொட்டை மாடியில் சுண்ணாம்பு நீற்றுகிறார்கள். மேல்தளத்து வீடுகளுக்கு வெயில் தாங்கவில்லையாம், தரைக்கு வெள்ளை பூசப் போகிறார்களாம். நீல டிரம்மில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் உஸ்ஸென்று ஒரு சீறல். அப்புறம் கொதி. அப்புறம் அந்த வாடை. ஈரச் சுவரும் வெந்த எலும்பும் கலந்த மாதிரி, மூக்குக்குள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் வாடை. துணி காயப்போடப் போன நான் வாளியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன்.

"தள்ளி நில்லும்மா, கண்ணுல தெறிச்சிடப் போவுது" என்றார் கிண்டிக்கொண்டிருந்தவர்.

தள்ளித்தான் நின்றேன். அந்த வாடை என்னைக் கள்ளிக்குப்பம் வீட்டின் சின்ன அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டது.

உங்களுக்கும் அப்படி ஒரு கோடை இருக்கும். நம் வயதுக்காரிகள் யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள்: கால் முறிந்து கட்டிலில் கிடந்த கோடை, பெரியவளாகி மூலையில் உட்கார்ந்த கோடை. எனக்கு அம்மை போட்ட கோடை. பன்னிரண்டு வயது. தெருவில் பாதி வீடுகளுக்குக் கேபிள் வந்துவிட்ட வருஷம். எதிர்வீட்டு டிவியில் பாட்டுக் கேட்கும், படம் தெரியாது. அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கும். மேலே சிமென்ட் ஷீட்டு. காலை பத்து மணிக்கே ஷீட்டு வெயிலில் டிக், டிக்கென்று முனக ஆரம்பிக்கும். எங்கோ ரயில் திருமுல்லைவாயில் பக்கம் போகும். போய்க்கொண்டே இருக்கும். நான் கிடப்பேன்.

அந்த அறையில் என்னோடு இன்னொன்றும் அடைபட்டிருந்தது. மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியில் ஒரு துண்டுக் கடல்.

தொட்டி அத்தையுடையது. நைனாவின் கடைசித் தங்கை அவள். தாவரவியல் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். 'வீட்டில் இருந்தாள்' என்று எவ்வளவு சுலபமாய் எழுதிவிட்டேன். விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை அவள் வீட்டில் *இருந்துகொண்டே* இருந்தாள். கல்லூரியில் அவளுக்குப் பாடம் எடுத்த மேடம், தெற்கே கடலோரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலை மாறிப் போயிருந்தார். பொங்கலுக்கு ஊர் வந்தவர், ஈரச் செய்தித்தாளில் சுற்றி ஒரு கல் கொடுத்தார். உள்ளங்கை அளவுக் கல். ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் கத்தரிப்பூ, அடிவயிற்றில் மாதுளந்தோல் சிவப்பு. யாரோ மிச்சப் பெயின்டைத் துடைத்துவிட்டுப் போன மாதிரி.

"பெயின்ட் இல்ல குட்டி. உயிரு" என்றாள் அத்தை.

"பேரு இன்னா?" என்று அம்மா கேட்டாள்.

"தமிழ்ல தனியா பேரு இல்ல அண்ணி. கல்லுல ஒட்டி வளர்ற பாசி. கல்பாசின்னு வெச்சுக்கலாம்."

"கல்பாசியா? அத பிரியாணிக்குல்ல போடறோம்!"

அத்தை சிரித்துவிட்டுச் சுண்ணாம்புப் பாசி என்று மாற்றினாள். அப்படியே நின்றது பெயர்.

மேடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். இதை வீட்டில் பரவ வைத்துப் பார், கலர் கலராய் வரவழைத்தால் எனக்கு ஓர் உதவியாள் வேண்டும், உன்னையே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று. அத்தை அதை நைனாவிடம் சொன்னாள். நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் செக்கர். சட்டைப் பையில் எப்போதும் அளவு பார்க்கும் ஒரு கேஜ் இருக்கும். கம்பி அதன் ஓட்டைக்குள் போனால் பாஸ். போகாவிட்டால் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு, ரிஜெக்ட். நடுவில் ஒன்று கிடையாது. வீட்டில் இட்லி, என் மார்க், அம்மாவின் தம்பி எல்லோரும் அந்த ஓட்டை வழியாகத்தான் போய் வரவேண்டும்.

"கலர் கலரான்னா எத்தினி கலரு?"

"அது... வர்றத பொறுத்துண்ணே."

"பொறுத்துன்னு ஒரு அளவு எங்க கம்பெனில கிடையாது. நம்பர் சொல்லு."

அத்தை கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூணு."

"எப்போ?"

"ஆனி பொறக்கறதுக்குள்ள."

"மூணு வந்துச்சுன்னா நானே ரயிலேத்தி உடறேன். வரலன்னா வேலப்பன்சாவடிக்கு சரின்னு சொல்லிடணும். அப்பால கண்ண கசக்கக் கூடாது."

"கசக்க மாட்டேன்."

வேலப்பன்சாவடி என்றால் ஒரு மாப்பிள்ளை. அங்கே ஒரு கல்லூரி ஆபீசில் கிளார்க்கு. கெட்ட மனிதர் இல்லை. பெண் பார்க்க வந்தபோது தொட்டியைப் பார்த்து, "தண்ணி மாத்தறது கஷ்டம் இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

நைனாவைக் கொடுமைக்காரராய் நினைத்துவிடாதீர்கள். பந்தயம் போட்ட மறுநாளே இரும்பு ஆங்கிள் துண்டுகளை வெல்டிங் வைத்துத் தொட்டிக்கு ஒரு ஸ்டாண்டு செய்து கொண்டுவந்தார். ரசமட்டம் வைத்து நாலு மூலையும் பார்த்து, ஒரு காலுக்கு அடியில் சிகரெட் அட்டை மடித்துச் சொருகினார். தங்கை தோற்கவேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. தோற்றால் தோற்றது என்று எழுதிவிடுவார், அவ்வளவுதான்.

கடல் தண்ணீர் மாமா கொண்டுவருவார். அம்மாவின் தம்பி. காசிமேட்டிலிருந்து அம்பத்தூர் மார்க்கெட்டுக்கு மீன் வண்டி ஓட்டுபவர். வாரம் இரண்டு கேன். கேனை இறக்கும்போதெல்லாம் ஒரு வசனம் இருக்கும்.

"இன்னா மருமவளே, ஊர்ல அவனவன் குடிக்கத் தண்ணியில்லாம லாரிய தொரத்திகினு ஓடறான். உங்க அத்த கடலு தண்ணிக்கு வண்டி வெச்சுகீது!"

வரி போட்ட இரண்டு சின்ன மீன்களையும் நாலு நத்தைகளையும் டிபன் கேரியரில் கொண்டுவந்தவரும் அவர்தான். மேல் அடுக்கில் மீன், கீழ் அடுக்கில் நத்தை, நடு அடுக்கில் அவருடைய எலுமிச்சை சாதம்.

அத்தை ஒரு பழைய பிளேடால் கல்லைச் சுரண்டுவாள். தூள் தண்ணீரில் மிதந்து, தயங்கி, இறங்கும். கீழே மூன்று உடைந்த ஓட்டுத் துண்டுகள் காத்திருக்கும். ஒன்று டியூப் லைட்டுக்கு நேர் கீழே. ஒன்று என் பழைய சிலேட்டின் நிழலில். ஒன்று கல்லுக்குப் பின்னால், வெளிச்சம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் இடத்தில். "வெளிச்சத்த காட்டினா ரோஸ் வரும். பாதி மறைச்சா கத்திரிப்பூ. செவப்புக்கு இருட்டு வேணும், ஆனா முழு இருட்டு ஆவாது. அதுதான் சதாய்க்கும், லேசுல வராது" என்பாள். பாசி தன் உடம்பைச் சுண்ணாம்பால் கட்டிக்கொள்ளும் ஜாதி. அதனால் மண்சட்டியில் கிளிஞ்சலை நீற்றி, பால் போலக் கலங்கியது அடங்கி மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்து, கம்பவுண்டரிடம் வாங்கிய சலைன் டியூபில் சொட்டு சொட்டாய் விடுவாள். வேகமாய் விட்டால் மீன் செத்துவிடும். ஒரு சொட்டு, இரண்டு மூச்சு, இன்னொரு சொட்டு.

மாசியில் ஒன்றும் இல்லை. பங்குனியில் முதல் ஓட்டில் ரோஸ் புள்ளிகள். பங்குனி கடைசியில் சிலேட்டு நிழலில் கத்தரிப்பூ. மூன்றாவது ஓடு ஓடாகவே கிடந்தது.

சித்திரை நடுவில் எனக்கு ஜுரம் வந்தது. மறுநாள் கழுத்தில் ஒரு முத்து. அம்மா பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னைத்தான்.

"அம்மா வந்துகீறாங்க."

அப்புறம் உங்களுக்குத் தெரியும். வாசலில் வேப்பிலை. தாளிப்பு கிடையாது. சீப்பு கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. யாரும் வரக்கூடாது, யாரும் போகக்கூடாது. அம்மாவுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லை, அதனால் அவள் அறை வாசற்படியைத் தாண்டவில்லை. அத்தைக்கு வந்திருந்தது. ஆக, நானும் அத்தையும் தொட்டியும் உள்ளே. பார்த்துக்கொள்பவளும் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது சட்டம். எனக்குக் கீழே தரைப்பாயில் வேப்பிலை, மேலே ஷீட்டு, உடம்பு முழுக்க எரிச்சல். மீன்கள் கண்ணாடி வரை வரும், திரும்பும், மறுபடி வரும். நான் சுவர் வரை புரளுவேன், திரும்புவேன்.

மூன்றாம் நாள் தெருவில் ஹாரன். அம்மா வாசல் கேட்டருகே போய் நின்றுகொண்டாள். உள்ளே படுத்தபடி எல்லாம் கேட்டேன்.

"யக்கா, மீனு இல்லக்கா. தண்ணி. வெறும் தண்ணி."

"மீனு குளிச்ச தண்ணிதானேடா?"

"மீனு எங்கக்கா குளிக்குது? அது அங்கயேதான கீது!"

"வாய் பேசாத. ஆத்தா இருக்கற ஊட்டாண்ட கவிச்சி வண்டிய நிறுத்திகினு நிக்கற. இஸ்துகினு போ."

வண்டி போகும் சத்தம் கேட்டது. அத்தை காலியாய்க் கிடந்த கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். ஒரே ஒரு கேன் மிச்சம்.

அப்படியானால் தொட்டிக்குள் இருக்கும் மீன் கவிச்சியா இல்லையா என்று அடுத்த கேள்வி கிளம்பியது. அம்மா தீர்மானிக்க முடியாமல் நைனாவிடம் கொண்டுபோனாள். நைனா வாசற்படியில் நின்று மீன்களை ஒருதரம் பார்த்தார். "உயிரோட கீற மீனு கவிச்சி இல்ல. பாஸ்."

ஆனால் சுண்ணாம்பு பாஸாகவில்லை. அது அம்மாவின் இலாகா. "சுண்ணாம்பு சூடு. ஆத்தா எறங்கற வரைக்கும் இந்த ஊட்ல சுண்ணாம்பு கலக்கக் கூடாது." நைனாவே வெற்றிலையை வாசல் கேட்டுக்கு வெளியே நின்று போட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"அண்ணி, ஒரு சொட்டு. தெளிஞ்ச தண்ணிதான்."

"எம் பொண்ணு உடம்பு அந்தாண்ட வெந்துகினு கீது. நீ சொட்டு கணக்கு சொல்றியா?"

அத்தை மறுபடி கேட்கவில்லை. இரண்டு நாள் பொறுத்தாள். ரோஸ் வெளிறத் தொடங்கியது. மூன்றாம் நாள் மத்தியானம், அம்மா கூடத்தில் கண்ணயர்ந்த நேரம், ஜன்னலோரம் சாக்குக்குப் பின்னால் வைத்திருந்த சட்டியை எடுத்தாள். சலைன் டியூபை மாட்டினாள். திரும்பி, விரலை வாயில் வைத்தாள்.

"அண்ணிகிட்ட சொல்லாத. நீயும் நானும் மட்டும்."

"ஆத்தா கோவிச்சுக்குவாளா அத்த?"

"ஆத்தாவுக்கு எவ்ளோ வேல கீது குட்டி. நம்ம தொட்டிய பாத்துகினா உக்காந்திருப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உதட்டிலிருந்த கொப்புளம் எரிந்தது.

மத்தியானங்களில் கரென்டு போய்விடும். ஃபேன் நிற்பதைவிடக் காற்று மோட்டார் நிற்பதுதான் அத்தைக்குப் பயம். குமிழி நின்றதும் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். நைனாவின் சைக்கிள் பம்பை எடுத்து, டியூபைத் தண்ணீருக்குள் விட்டு, அடிப்பாள். ஈரத்துணியைத் தொட்டிமேல் போர்த்திவிட்டு இருபது அடி. என் நெற்றியில் வேப்பங்கொத்தால் வருடிவிட்டு இருபது அடி. நான் படுத்தபடி எண்ணுவேன். பம்பு மூச்சு வாங்கும், அத்தை மூச்சு வாங்குவாள், ஷீட்டு டிக் டிக்கென்னும். அந்த அறையில் எல்லோரும் யாருடைய மூச்சையோ நம்பித்தான் இருந்தோம்.

மூன்றாவது நிறத்தை முதலில் பார்த்தது நான்தான்.

நிற்கிறவர்களுக்குத் தெரியாத கோணம் அது. தரையில், ஒருக்களித்து, கன்னம் பாயில் பட, ஸ்டாண்டின் இரண்டு ஆங்கிள்களுக்கு நடுவே கீழிருந்து மேலாகப் பார்த்தால் கல்லின் பின்பக்கம் தெரியும்.

"அத்த, பின்னாடி ஓட்டுல குங்குமம் கொட்டிகீது."

அத்தை வந்து என் பக்கத்தில், வேப்பிலை மேலேயே படுத்தாள். மேடம் கொடுத்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு வைத்தாள். அவள் காதோரம் வியர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வந்துடுச்சுடி."

கடுகளவு சிவப்பு. சுண்ணாம்பு மட்டும் தவறாமல் விழுந்தால் ஆனிக்குள் மொச்சைக்கொட்டை அளவு ஆகிவிடும் என்றாள். பிறகு, அதுவரை பேசாததையெல்லாம் பேச ஆரம்பித்தாள். அங்கே ஜன்னலைத் திறந்தால் கடல்தானாம். முழங்கால் தண்ணீரில் நின்று கல் பொறுக்கவேண்டுமாம். தனி அறை, தனிச் சாவி. சாவி என்று சொல்லும்போது விரலால் திருகிக் காட்டினாள். "உன்ன லீவுக்கு கூப்ட்டுக்கறேன்."

"எவ்ளோ தூரம் அத்த?"

"ஒரு ராத்திரி முழுக்க ரயிலு. அப்பால ரெண்டு பஸ்ஸு."

வேலப்பன்சாவடிக்கு ரயில் கிடையாது. வெறும் இரண்டு பஸ். காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. படுத்திருந்த எனக்கு எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை, எண்ணினேன்.

மறுநாள் முத்து மறுபடி போட்டது. வாயில், காதுக்குள், வலது இமைமேல் ஒன்று. கண் மூடிக்கொண்டது. முந்தின நாள்தான் அறை மூலையிலேயே உட்காரவைத்து அத்தை முதல் தண்ணி ஊற்றியிருந்தாள். ஊற்றியபிறகு மறுபடி போட்டால் வீட்டில் ஏதோ குறை என்று அர்த்தம். அத்தை பின்கட்டில் என் துணியை அலசிக்கொண்டிருந்தாள். அம்மா வாசற்படிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். அழுதிருந்தாள்.

"தாயே, ரூம்ல ஆவாதது எதுனா நடந்துச்சா? ஆத்தாகிட்ட மறைக்கக் கூடாது."

"சுண்ணாம்பு" என்றேன்.

பயத்தில் சொன்னேன் என்றுதான் இத்தனை வருஷமாய் எனக்கே சொல்லி வந்தேன். பயம் உண்மை. அம்மா அழுதது உண்மை. ஆனால் அந்த வார்த்தை வாயிலிருந்து விழும்போது, பயத்துக்குப் பின்னால், வெளிச்சம் அதிகம் படாத இடத்தில், வேறொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. ரயில் வேண்டாம். இரண்டு பஸ் போதும்.

அம்மா கத்தவில்லை. அத்தை வந்ததும் சட்டியைக் கேட்டு வாங்கி, முருங்கை மரத்தடியில் போட்டு உடைத்தாள். அத்தை என்னைப் பார்த்தாள். நான் மூடின கண்ணோடு சேர்த்து மற்றதையும் மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வேப்பங்கொத்து நெற்றியில் வந்து வருடியது. எப்போதும்போல, மெல்ல.

நாலு நாளில் கொப்புளம் அடங்கியது. இரண்டாம் தண்ணி. மூன்று குடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்திருந்தார்கள். அத்தை என்னைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போய் உட்காரவைத்து ஊற்றினாள். இருபது நாளில் முதல்முறையாக வானம். அவ்வளவு வெளிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கண் கூசியது. ஒரு குடம் தீர்ந்தது. திரும்பிப் பார்த்தால் மற்ற இரண்டும் இல்லை.

அறைக்குத் திரும்பினோம். அம்மா முதல்முறையாக வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. தொட்டித் தண்ணீரில் பாதியை மொண்டு ஜன்னல் வழியே கொட்டிவிட்டு, இரண்டு குடத்தையும் உள்ளே ஊற்றியிருந்தாள். தண்ணீர் மஞ்சளாய், வேப்பிலை சுற்றிக்கொண்டு. ஒரு மீன் ஏற்கெனவே ஒருக்களித்திருந்தது. நத்தைகள் கண்ணாடியில் ஏறி, தண்ணீரை விட்டு வெளியே வந்து, விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அவ்ளோ சுண்ணாம்பு குடிச்சிருக்குதே, அதுவும் குளிரணும் இல்ல? கொழந்தைக்கு ஊத்தின மாதிரியே அதுக்கும் தலைக்கு ஊத்திட்டேன். ஆத்தா தணிஞ்சிடுவா" என்றாள் அம்மா. பெருமையாகக்கூடச் சொன்னாள்.

இன்று நினைத்தால், அம்மாவுக்குத் தெரிந்த மிகப்பெரிய அன்பு அது. தன் குழந்தைக்குச் செய்ததை அந்தத் தொட்டிக்கும் செய்திருக்கிறாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை, மஞ்சள்கூடக் குறைக்கவில்லை.

அத்தை என்னைக் கீழே இறக்கினாள். ஜாக்கெட் நனையத் தோள்வரை கையை விட்டு ஓடுகளை ஒவ்வொன்றாய் எடுத்தாள். கடைசிக் கேனைப் பிளாஸ்டிக் வாளியில் கவிழ்த்து அதில் போட்டாள். பின்னால் இருந்த ஓடுதான் கடைசியில் வந்தது. கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா? தப்பா எதுனா பண்ணிட்டனா?" அம்மாவின் குரல் மாறியது.

"இல்ல அண்ணி."

இரண்டு நாளில் சிவப்புப் புள்ளி வெளுத்தது. சுவரில் வெற்றிலைக்காரர் விரல் துடைத்துவிட்டுப் போன சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளை. ரோஸிலும் கத்தரிப்பூவிலும் பாதி பிழைத்தது. மீன் இரண்டும் போய்விட்டன.

வைகாசிக் கடைசியில் மேடம் வந்தார். அதற்குள் வேப்பிலை அவிழ்ந்து, மாமாவின் கேன் வந்து, ஓடுகள் மறுபடி தொட்டிக்குள் இருந்தன. மேடம் செருப்பைக் கழற்றக்கூட நேரமில்லாமல் நேரே தொட்டியருகே போனார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"நம்ம ஊர் வெயில்ல, ஷீட்டு வீட்ல... எப்படிம்மா?"

அத்தை முகத்தில் ஒரு நொடி வந்துபோனதை நான் பார்த்தேன். நைனா தொண்டையைச் செருமினார்.

"ரெண்டுதான் கீது மேடம். மூணு சொல்லிச்சு."

"மூணா? நான் எப்ப மூணு கேட்டேன்? ஒண்ணு பரவியிருந்தாலே போதுமே. அடுத்த மாசமே அனுப்புங்க."

"நீங்க கேட்டது உங்க அளவு. அது எங்கிட்ட சொன்னது மூணு." நைனா கோபமாகப் பேசவில்லை. கம்பெனியில் எப்படிப் பேசுவாரோ அப்படி.

"மூணாவதும் வந்துச்சுண்ணே" என்றாள் அத்தை. "தொட்டிக்கு தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடியே வந்துச்சு. குட்டிதான் மொதல்ல பாத்துது."

அம்மா காபி டம்ளர்களோடு கதவருகே நின்றுவிட்டாள். நைனா என் பக்கம் திரும்பினார். அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டது.

"கண்ணால பாத்த சாட்சி இருந்தா பாஸ் போட்டுடலாம். நீ சொல்லு. செவப்பு வந்துச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொட்டியில் மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஒரு ராத்திரி முழுக்க ரயில்.

"தெரில நைனா. எனக்கு அப்போ கண்ணுல கொப்புளம்."

இமையில் கொப்புளம் வந்தது சிவப்பு வந்த மறுநாள். அது அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். அத்தை மறுத்துப் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் தொட்டிக்குள் இன்னும் மிச்சமிருந்த ஒரு வேப்பிலையை விரலால் எடுத்து வெளியே போட்டாள். மேடம் கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் காபி குடித்தார்கள்.

கண்ணை அவள் கசக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவளும் நைனாவின் தங்கைதான். இப்போது, அவள் அன்றிருந்த வயதைப்போல் இரண்டு மடங்கு ஆனபிறகு, என்னை உறுத்துவது அந்தப் பொய் மட்டும் இல்லை. காய்ச்சலில் கிடந்த குழந்தையிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்து வைத்தவள் அவள். ஒரு வாழ்க்கையைக் கொண்டுவந்து அதே குழந்தையின் வாயில் நிறுத்தியவர் நைனா. இதையெல்லாம் சேர்த்து வைத்து எனக்கு நானே பாஸ் போட்டுக்கொள்ளப் பார்க்கிறேன். போகவில்லை. ஓட்டை சின்னது.

தொட்டியை ஆடியில் மாமா எடுத்துப்போனார், கொளத்தூரில் யாருக்கோ. ஸ்டாண்டின் மேல் தண்ணீர் டிரம் ஏறியது. பூதக்கண்ணாடி எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடுகள் கொஞ்ச நாள் முருங்கை மரத்தடியில் கிடந்தன. மழை வந்தது, எல்லாம் ஒரே வெள்ளை.

ஆவணியில் கல்யாணம். மறுநாள் காலை காரில் மாப்பிள்ளை முன்னால் ஏறிக்கொண்டார். பின்னால் அவருடைய அம்மா, அக்கா. நடுவே ஒரு ஆள் உட்காரும் அளவு இடம். அத்தை அதில் ஒடுங்கி உட்கார்ந்து புடவையை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினார்கள். நான் கூட்டத்தில் புகுந்து கண்ணாடியருகே போனேன். என் நெற்றியில் இருந்த அம்மைத் தழும்பை அவள் கை நீட்டித் தொட்டாள்.

"ரெண்டு பஸ்ஸுதானே அத்த? ஞாயித்துக்கெழம வருவியா?"

அத்தை ஒருதரம் முன்சீட்டைப் பார்த்தாள். ஒருதரம் பக்கத்தில் பார்த்தாள். கார் கிளம்பிவிட்டது.

"கேட்டுட்டு சொல்றேன் குட்டி."